சேலத்தில் தமிழ் வழியில் படித்தவர் கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வின் சட்ட ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பது?

மனப்பாடம் செய்ய ஆயிரம் சொல் பட்டியல் ஏதும் வைத்திருந்தால், முதலில் அதை மூடி வையுங்கள். 2020 முதல் கிளாட்டில் பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேள்வி கேட்கிறார்கள். மனப்பாடம் செய்த பொருள் அங்கே பாதி நேரம் காலை வாரிவிடும்.

நம்மூர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. ஆங்கிலச் செய்தியில் அது ‘குவாஷ்’. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதியை நீக்கியது, ‘செட் அசைட்’. இன்னொரு பகுதியை உறுதி செய்தது, ‘அப்ஹெல்ட்’. கதை தெரிந்ததால் சொல் ஒட்டிக்கொள்ளும். அதே செய்தியைத் தமிழ் நாளிதழிலும் படித்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

தமிழ் வழி என்பது குறையே இல்லை. ‘ஹேபியஸ் கார்பஸ்’ லத்தீன். ஆங்கில வழி மாணவருக்கும் அது புதிர்தான். அதையே தமிழில் ‘ஆட்கொணர்வு மனு’ என்றால் நமக்குச் சொல்லிலேயே பொருள் வந்துவிடுகிறது. (நீதிமன்றத் தடை உத்தரவு போன்றதைக் குறிக்கும் ‘இன்ஜங்ஷன்’ மட்டும் விதிவிலக்கு, அதன் தமிழான ‘உறுத்துக்கட்டளை’ அதைவிடப் பயமுறுத்தும்!)

அப்புறம், ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள்.