பாண்டனால் நீலக்கிளிக்கு மரப்பெட்டிக் கூடு எதற்கு?

ஹயசிந்த் மக்காவ் என்பது தலை முதல் வால்நுனி வரை சுமார் 1 மீட்டர் நீளமுள்ள நீலக்கிளி. கண்ணைச் சுற்றியும் அலகோரத்திலும் மட்டும் பளிச்சென்று மஞ்சள். பிரேசிலின் பாண்டனால் சதுப்புவெளியில்தான் அதிகம். மரங்கள் இருக்கும் இடத்தில் பெட்டி எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள்.

காரணம், பொந்து. இந்தக் கிளி குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. மரங்கொத்தி குடைந்த ஓட்டையையோ, கிளை முறிந்த குழியையோ அலகால் பெரிதாக்கி, உள்ளே சீவிப்போட்ட மரத்தூளின் மேல் முட்டையிடும். பாண்டனாலில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கூடுகள் மண்டுவி என்ற ஒரே மரவகையில்தான். அதன் கட்டை மென்மையானது. ஆனால் இவ்வளவு பெரிய பறவை நுழையும் பொந்து உண்டாக, மரத்துக்கு ஏறக்குறைய 60 வயதாவது ஆக வேண்டும். சொந்தமாக வீடு கட்ட முடியாத குடும்பம், பழைய வீடு எப்போது காலியாகும் என்று காத்திருப்பதுபோலத்தான். மேய்ச்சல் நிலத்துக்காக வெட்டியும் தீயில் எரிந்தும் கிழமரங்கள் போய்விட்டால், முட்டையிட இடமே இல்லை. கூண்டில் வளர்க்கப் பிடித்துச் சென்ற கொடுமை வேறு.

அதனால்தான் உயிரியலாளர் நெய்வா கெடெஸ் 1990இல் தொடங்கிய அராரா அசுல் திட்டம் பெட்டிகளைப் பொருத்துகிறது, பழுதான பொந்துகளைச் செப்பனிடுகிறது.

அப்புறம், முட்டை திருடும் டூக்கான் என்ற பெரிய அலகுப் பறவையை விரட்டினால் போதும் என்ற நினைப்பு தவறு: மண்டுவி விதைகளைப் பெருமளவில் பரப்புவதே அந்த டூக்கான்தான்.