ஹாட் பேக் வைத்ததில் தோல் திட்டுத்திட்டாகச் சிவந்தது பற்றி

பிசியோதெரபி செய்முறை வகுப்பில் உங்கள் தோழியின் முதுகில் ஹாட் பேக் (வெந்நீரில் ஊறவைத்து ஒத்தடம் கொடுக்கும் பை) வைத்தபோது தோல் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது, அதிலிருந்து யாருக்கும் வைக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லேசாக, சீராகச் சிவப்பது இயல்புதான், ரத்த ஓட்டம் கூடுவதால் வருவது. வெள்ளையும் சிவப்புமாகத் திட்டு விழுந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். உடனே எடுத்தீர்களே, அது சரியான முடிவு.

பேக் ஊறும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்கும் மேல் இருக்கும், அதனால் இடையில் 6 முதல் 8 அடுக்கு உலர்ந்த துண்டு வேண்டும். பேக்கின் மேலேயே படுக்க வைத்தீர்களா? அப்படியென்றால் உடல் எடையில் துண்டு அமுங்கி, சூடு வேகமாக இறங்கியிருக்கும். அப்புறம், 5 நிமிடத்தில் ஒருமுறை பேக்கைத் தூக்கித் தோலைப் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியம், வைப்பதற்கு முன்பே ஒரு சோதனைக்குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, பேக் வைக்கப்போகும் இடத்தில் குழாய்களால் மாற்றி மாற்றித் தொட்டு எது சூடு எது குளிர் என்று கேட்பது. தடுமாறினால் அந்த இடத்தில் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். தோழிக்கு இன்னும் திட்டு மறையவில்லை, அல்லது கொப்புளம் தெரிகிறது என்றால் தள்ளிப்போடாமல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.