ஹெட்போனை யாருக்காக மாட்டினீர்கள்?

கேள்வி:

அக்கா, எனக்கு 36 வயது. மார்த்தாண்டம் பக்கம் கிராமம். ஊரிலேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா என்னோடு. தம்பி துபாயில் ஏசி மெக்கானிக். வீட்டு லோனை அவன் கட்டுகிறான், மற்றதெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடி வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் துபாய் போன பிறகும் விடவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கரில் போட்டு, அதே விளையாட்டின் பிந்தைய பதிப்பான சிஎஸ் கோ ஆடுவோம். அம்மா பின்னால் உட்கார்ந்து உள்ளி உரிப்பாள். 2023இல் அந்த சிஎஸ் கோ விளையாட்டை எடுத்துவிட்டு கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்று கொண்டுவந்தார்கள். என் பழைய கம்ப்யூட்டரில் அது ஓடாது. ஆடிப் பார்த்தவர்களும் விளையாட்டையே கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் 1.6க்கே திரும்பினேன். கொஞ்ச நாள் தம்பியும் எனக்காக 1.6 வந்தான். பிறகு ஒருநாள், "இந்தப் பழைய குப்பையை எத்தனை நாள் ஆடுவ? காசு அனுப்புறேன், புது கம்ப்யூட்டர் வாங்கு" என்றான். "நாலு காசு பார்த்ததும் பழசெல்லாம் குப்பையாப் போச்சால?" என்றேன். பேச்சு நின்று எட்டு மாதம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பும் பழசு, புதுசு என்று இரண்டாகிவிட்டது.

இப்போது 1.6இல் வேறு ஆட்களோடு ஹெட்போன் போட்டு ஆடுகிறேன். அம்மாவுக்கும் தொந்தரவு இல்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் பேசிவிடுகிறான். பழசோடு நிற்பது தப்பா அக்கா? மூத்தவன் நான் இறங்கிப் போக வேண்டுமா?

பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்:

அண்ணன் தம்பி பேச்சில்லை என்று வரும் கடிதங்களுக்கு என் மேசையில் பஞ்சமே கிடையாது. ரப்பர் தோட்டத்து எல்லைக் கல்லுக்காக. கொடை நோட்டீஸில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்பதற்காக. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வார்த்தை சாப்பிடச் சொல்லவில்லை என்பதற்காக. துப்பாக்கி விளையாட்டுக்காக ஒன்று வந்தது இப்போதுதான்.

விளையாட்டு வழக்கை முதலில் முடித்துவிடுவோம். எனக்கு ஆடத் தெரியாது. ஆடுகிற அக்காள் மகன் ஒருத்தன் இருக்கிறான், அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்று இரண்டு பேர் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டை வைத்துச் செய்ததுதான் கவுண்டர் ஸ்ட்ரைக். மறு வருஷம் வால்வ் நிறுவனம் அதை விலைக்குக் கொண்டுவந்தது. 2003இல் உங்கள் 1.6. 2004இல் சோர்ஸ் என்று ஒன்று வந்தபோது 1.6 ஆட்கள் அதைத் தொடவே மாட்டோம் என்றார்களாம். எட்டு வருஷம் இரண்டு கட்சி. அந்த இரண்டு கட்சியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரத்தான் 2012இல் கோ வந்தது. அதையும் ஏசினார்கள். அன்றைக்கு நீங்களும் ஏசியிருப்பீர்கள், இல்லையென்று சத்தியம் செய்ய மாட்டீர்கள்.

ஆனால் இந்த முறை கோபப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சோர்ஸ் வந்தாலும் 1.6 இருந்தது, கோ வந்தாலும் இரண்டும் இருந்தன. பிடித்தவன் பிடித்ததை ஆடினான். 2023 செப்டம்பர் 27 அன்று அப்படி நடக்கவில்லை. கோ இருந்த இடத்திலேயே 2 வந்து உட்கார்ந்துகொண்டது. மறு மாதமே டைரக்ட்எக்ஸ் 9, 32 பிட் என்கிற பழைய வகைக் கம்ப்யூட்டர்களுக்கும் ஆப்பிளின் மேக்குக்கும் இனி கிடையாது என்று கையை விரித்தார்கள். பதினாறு ரவுண்டு ஜெயித்தால் வெற்றி என்று இருந்ததைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இருந்தவனுக்கு இதெல்லாம் முகத்தில் கதவைச் சாத்தினது போலத்தான் இருந்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி பக்கத்தையும் கேட்டேன். முன்பெல்லாம் புகைக்குண்டு போட்டால் அந்தப் புகை ஆளுக்கு ஒரு மாதிரி தெரியுமாம். இப்போது எல்லார் கண்ணுக்கும் ஒன்றுபோலத் தெரிகிறது, இடத்துக்குத் தக்கபடி பரவுகிறது, சுட்டால் நடுவே ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்லும்போது அக்காள் மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிஎஸ் கோ ஆட்டத்தில் காசு போட்டு வாங்கின ஸ்கின்கள், அதாவது துப்பாக்கிக்குப் போடுகிற அலங்காரங்கள்கூட அப்படியே புதியதில் வந்துவிட்டன. இலவசமாகவே ஆடலாம். அதில் மயங்குகிறவனைக் குற்றம் சொல்ல முடியாது. 1.6ஐயும் உங்களிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை, ஆடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இந்த வழக்கு இத்தோடு முடிந்தது.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். "அம்மாவுக்கும் தொந்தரவு இல்லை." இதை எழுதும்போது கை கூசவில்லையா?

என்ன தொந்தரவு? அம்மா உங்களிடம் எப்போதாவது சத்தத்தைக் குறை என்று சொன்னாளா? சொல்லியிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள். எனக்கு எட்டின கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். சனிக்கிழமை ராத்திரி, இங்கே பத்து மணி. ராத்திரிச் சமையல் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அந்நேரத்தில் உட்கார்ந்து உள்ளி உரிக்கிற அவசரம் எந்த வீட்டில் இருக்கிறது? மணிக்கணக்காய் உரிக்கிற அளவுக்கு உள்ளிதான் எந்த வீட்டில் இருக்கிறது? அந்த முறமும் உள்ளியும் அங்கே உட்காருவதற்கு அவள் கொண்டுவந்த சாக்கு. உட்கார்ந்தது இளையவன் குரலைக் கேட்க.

துபாயில் வாட்ஸ்அப் கால் எடுக்காது. போட்டிம் என்கிற ஆப் மாதிரி ஏதாவது வேண்டும். அம்மா கையில் இருப்பதோ பட்டன் போன். ஞாயிற்றுக்கிழமை காசு ஓடுகிற அந்த ரெண்டு நிமிஷத்தில் அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். "நல்லா இருக்கேன் மக்களே. இங்க நல்ல மழை. நீ சோறு உண்டியா?" "உண்டேம்மா." முடிந்தது. சனிக்கிழமை அப்படியா இருந்தது? அவன் கத்துவான், யாரையோ ஏசுவான், தோற்றுப்போய்ச் சிரிப்பான். அறையில் கூட இருக்கிறவன் கதவைத் திறந்து என்னமோ கேட்பான், அதற்கு இவன் இந்தியில் பதில் சொல்வான். இருமினால் இருமல் கேட்கும். போனில் "சளியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சாதிக்கிற பிள்ளை, விளையாட்டு மும்முரத்தில் இருமலை மறைக்கமாட்டான். தாய்க்கு அந்த இருமல்தான் சேதி. அவன் அங்கே எப்படி இருக்கிறான் என்று அவள் தெரிந்துகொண்டிருந்த ஒரே வழி உங்கள் ஸ்பீக்கர். எட்டு மாதமாக அதை நிறுத்தி வைத்துவிட்டு, அவளுக்கு நல்லது செய்ததாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

தம்பியோடு கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள், நான் படிக்கிறேன். அதை அம்மா கணக்கில் எழுதாதீர்கள்.

அவள் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்கமாட்டாள். இரண்டு மகன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தாய், ஒருத்தன் முன்னால் இன்னொருத்தன் பேரை எடுப்பதற்கே யோசிப்பாள். "தம்பி கூட இப்ப ஆடலியா மக்களே?" என்று கேட்டால் நீங்கள் சிடுசிடுப்பீர்களோ என்று பயம். அவன் கூப்பிடும்போது "அண்ணன்கிட்ட பேசு" என்று சொன்னால், அண்ணன் சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள் என்று அவன் நினைப்பானோ என்று பயம். எட்டு மாதமாக உங்கள் வீட்டில் உள்ளியை எப்போது உரிக்கிறாள் என்று என்றைக்காவது பார்த்தீர்களா?

அடுத்து அந்தக் காசு. வீட்டு லோனை அவன் கட்டுகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தக் காசு மாதாமாதம் வந்து விழும்போது கசக்கவில்லை. கம்ப்யூட்டருக்குத் தருகிறேன் என்றபோது மட்டும் "நாலு காசு பார்த்ததும்" என்று வாயில் வந்துவிட்டது. கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறவருக்கு, சின்னவன் கையால் விளையாட்டுச் சாமான் வாங்குவது உறுத்தியிருக்கிறது. புரிகிறது. நம் மாவட்டத்தில் ஒருத்தன் கல்ஃபிலும் ஒருத்தன் ஊரிலுமாய் இருக்கிற வீட்டிலெல்லாம் இந்த உறுத்தல் உண்டு. அவன் என்னமோ அங்கே சொகுசாக இருக்கிற மாதிரி ஊரில் பேச்சு. ஏசி மெக்கானிக் வேலை ஏசிக்குள் நடப்பதில்லை, மொட்டை மாடியில், யூனிட் பக்கத்தில் நடக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியான வெயிலில் ஆட்களை வெளிவேலைக்கு விடக்கூடாது என்று சட்டம் போட வேண்டிய நாடு அது. அந்த வேலையை முடித்து வந்துதான், தனக்குப் பிடிக்காமல் போன பழைய விளையாட்டை உங்களுக்காகக் கொஞ்ச நாள் ஆடியிருக்கிறான். அவன் ஏற்கெனவே ஒருமுறை இறங்கி வந்தாயிற்று. நீங்கள் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"குப்பை" என்று அவன் சொன்னது தப்புதான். அதை அவனிடம் நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன், எழுதச் சொல்லுங்கள்.

மூத்தவன் இறங்கிப் போகலாமா என்றால், போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது, பழைய காலத்து ஆள் என்று ஏசினாலும் பரவாயில்லை. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் என்கிற பட்டம் சும்மா வரவில்லை. "மற்றதெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினீர்களே, அந்த மற்றதெல்லாம் என்பதில் அரிசியும் கரண்ட் பில்லும் மட்டும்தானா? அம்மாவுக்கு இளைய மகன் குரல் கேட்க வேண்டும் என்பதும் அதில்தான் வரும்.

இந்தச் சனிக்கிழமை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஹெட்போனைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், அவன் வேலை முடிந்து குளித்து உட்கார இங்கே ஒன்பதரையாவது ஆகும். உங்கள் போனில் போட்டிம் போட்டுக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் மறுபடி கூப்பிடுங்கள், "கூப்பிட்டேன், எடுக்கல" என்று எனக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள். எடுத்தவுடன் விளையாட்டுப் பேச்சு வேண்டாம், மன்னிப்புப் பேச்சும் வேண்டாம், அண்ணன் தம்பிக்குள் அது ஒட்டாது. "அம்மா பேசணும்ங்கா" என்று சொல்லிப் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் நில்லுங்கள். திரும்பி வந்து நீங்கள் பேசுங்கள்.

கம்ப்யூட்டர் காசு வாங்குவது உங்கள் இஷ்டம். வாங்க மனமில்லையென்றால் பாதி நான் போடுகிறேன், பாதி நீ போடு என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கு இந்தப் பேரம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாகிப்போன வாட்ஸ்அப் குரூப்பை நான் ஒட்டவைக்க மாட்டேன், அது கிடக்கட்டும். 1.6ஆ 2ஆ என்று தம்பியோடு சண்டை போட்டே தீருவேன் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் போடுங்கள்.