நண்பர்களோடு சேர்ந்து எடுத்த வாடகை வீட்டை ஒப்பந்தம் முடியுமுன் நான் மட்டும் காலி செய்ய முடியுமா?

மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. நீங்கள் மட்டும் தாராளமாகக் கிளம்பலாம். ஆனால் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனதாலேயே ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டுவிட மாட்டீர்கள். அதற்குத் தனியாக வேலை இருக்கிறது.

முதலில் அக்ரிமென்டை எடுத்து யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அறைக்கு ஒரு ஒப்பந்தம் என்றால் கவலை குறைவு, வீட்டுக்காரரிடம் நீங்கள் பேசினால் போதும். மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்ற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது உங்களுக்குள் பேசிக்கொண்ட கணக்கு. அந்த வரி இருந்தால் வீட்டுக்காரர் முழு வாடகையையும் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நீங்கள் போன பிறகு இன்னொருவர் வாடகை பாக்கி வைத்தாலும், உங்கள் பெயர் அதில் இருக்கும்வரை உங்களையும் தேடி வருவார்கள். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் விடமாட்டார்கள்.

அப்புறம், முன்கூட்டியே காலி செய்வது பற்றிய பத்தி. லாக்-இன் காலம் (அதற்குள் காலி செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்லும் காலம்) எதுவரை, எத்தனை நாள் நோட்டீஸ் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த உரிமையை ஒருவர் தனியாகப் பயன்படுத்தலாமா, எல்லோரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் நோட்டீஸ் கொடுத்தால், தங்க நினைப்பவர்களின் வீடும் சேர்ந்தே போகலாம்.

அதனால்தான் முதல் பேச்சு வீட்டுக்காரரிடம் வேண்டாம், கூட இருப்பவர்களிடம் இருக்கட்டும் என்கிறேன். நான் தங்கிவிட்ட பக்கத்திலும் இருந்திருக்கிறேன். ஒருவர் மாதக் கடைசியில் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிவிட்டுப் போனார். அவருடைய பங்கையும் மற்ற இரண்டு பேரும் சேர்த்துக் கட்டினோம். பணத்தைவிட, முன்பே சொல்லவில்லையே என்பதுதான் வலித்தது. பின்னால் வேறொரு வீட்டிலிருந்து நான் கிளம்ப வேண்டி வந்தபோது, வேலை உறுதியான அன்றே சொன்னேன். எனக்குப் பதிலாக வர விரும்பியவர்களை நான் கூட்டி வந்தேன், யாரென்று அவர்கள் முடிவு செய்தார்கள். கூட வாழப்போவது அவர்கள்தானே.

புதிய ஆள் கிடைத்ததும் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வீட்டுக்காரரின் சம்மதம் வாங்கி, உங்கள் பெயரை நீக்கிப் புதியவர் பெயரைச் சேர்த்து, எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். இந்தத் தேதிக்குப் பிறகு உங்களுக்குப் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாக இருக்கட்டும். “சரி, பாத்துக்கலாம்” என்று வாயால் சொன்னது பிரச்சினை வரும்போது உதவாது.

அட்வான்ஸை வீட்டுக்காரர்கள் பலர் நடுவில் பிரித்துத் தர மாட்டார்கள். புதிதாக வருபவர் உங்கள் பங்கை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் நிற்பதுதான் வழக்கம். அதையும் எழுதி, வீட்டுக்காரருக்கும் தெரியப்படுத்துங்கள். புதியவரோடு அறையைச் சுற்றி வந்து வீடியோ எடுத்து வையுங்கள். நான் எடுத்தபோது அலமாரிக் கதவின் கீல் தளர்ந்திருந்தது, ஜன்னலோரம் ஈரக்கறை இருந்தது. இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டோம். இல்லையென்றால், கடைசியில் அட்வான்ஸில் கழிக்கும்போது யார் செய்த சேதம் என்று அங்கே தங்கியிருப்பவர்களுக்குள் சண்டை வரும்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால்? பணிந்துபோக அவசரப்படாதீர்கள். ஒருவர் முன்கூட்டியே போனால், வீட்டைச் சும்மா பூட்டி வைத்துவிட்டு மீதி மாத வாடகை முழுவதையும் அவர் தலையில் கட்டுவதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. வேறு ஆள் வைக்க வீட்டுக்காரர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று வாடகை விவகாரம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் எந்தத் தொகைக்கும் சம்மதம் சொல்லுங்கள்.