ஹார்மோன் டெஸ்ட் சாம்பிள் சுத்தமா இருக்கானு எப்படி பாக்குறது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: மேடம், சீரம் (ரத்தம் உறைஞ்சதும் பிரியுற திரவம்) லேசா சிவப்பா இருக்கு, அதுல இன்சுலின் டெஸ்ட் போடலாமா?

பதில்: போடாதீங்க. சிவப்பணு உடைஞ்சா உள்ள இருக்குற என்சைம் வெளிய வந்து இன்சுலினை சிதைச்சுடும், ட்யூப்ல வச்சிருக்க வச்சிருக்க ரிசல்ட் இறங்கிக்கிட்டே போகும். சங்கடப்படாம மறுபடி ரத்தம் கேளுங்க.

கேள்வி: அப்போ தெளிவா இருந்தா சுத்தம்தானே?

பதில்: இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. தெளிவான சீரத்துலயும், ஹார்மோனைப் புடிச்சு அளக்குற டெஸ்ட் கிட்டோட ஆன்டிபாடியைப் போய் புடிச்சுக்குற வேற ஆன்டிபாடி இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம்னா நான் முதல்ல டைல்யூட் பண்ணித்தான் பாப்பேன். 40 வந்த சாம்பிளை 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு கலக்குனா 20, 10, 5னு வரணும், திருப்பிப் பெருக்குனா எல்லாம் 40கிட்ட நிக்கணும். அதுவே பெருக்குன நம்பர் 40, 62, 88னு ஏறிக்கிட்டே போனா அந்த முதல் நம்பரை ரிப்போர்ட்ல போடவே கூடாது. கலக்குறதுக்கு கிட்டோட வர்ற டைல்யூவன்ட்தான், தண்ணி ஊத்தாதீங்க ப்ளீஸ்.

கேள்வி: பேஷன்ட் நல்லா இருக்காங்க, ஆனா டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) குறைவு, டி4 (தைராய்டு சுரக்குற ஹார்மோன்) அதிகம். தைராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடல.

பதில்: முடி வளர மாத்திரை சாப்பிடுறாங்களானு கேளுங்க. அதுல பயோடின் இருக்கும், பயோடினும் ஸ்ட்ரெப்டாவிடின்ங்கிற புரதமும் ஒட்டிக்கிறதை வச்சு வேலை செய்யுற கிட்ல அது டிஎஸ்எச்சை பொய்யா குறைச்சு டி4ஐ பொய்யா ஏத்தும், பாத்தா அப்படியே ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அதிகமா சுரக்குற நோய்) மாதிரியே இருக்கும். இல்லாத நோய்க்கு ஒருத்தர் மருந்து சாப்பிடக்கூடாதுங்க, அதான் என் கவலை. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையை ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு திரும்ப எடுங்க, டோஸ் ரொம்ப அதிகம்னா இன்னும் கொஞ்ச நாள் விடணும்.

கேள்வி: ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்குற ஹார்மோன்) அதிகம், ஆனா அறிகுறி ஒண்ணும் இல்லைன்னா?

பதில்: மேக்ரோப்ரோலாக்டின், அதாவது ஆன்டிபாடி ஒட்டி பெருசான ப்ரோலாக்டின், இருக்கானு பாருங்க. சீரமும் 25% பிஇஜியும் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சம அளவு கலந்து, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மேல நிக்குற திரவத்தை அளந்து 2ஆல பெருக்குங்க. பழைய அளவுல 40%க்கு கீழ வந்தா பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: ஊதா மூடி ட்யூப் ரத்தத்தை சிவப்பு மூடியில ஊத்திட்டாங்கனு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: அதே ட்யூப்ல கால்சியம், பொட்டாசியம் டெஸ்ட் போடுங்க. கால்சியம் பாதாளத்துல, பொட்டாசியம் உச்சத்துல இருந்தா இடிடிஏ (ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போடுறது) கலந்துருக்கு. ஹார்மோன் ரிசல்ட்டை வெளிய விடாதீங்க.