உண்பதற்கான ஆலிவ்: காய் பெருக்கவும், கெடாமல் ஊறவைக்கவும், விற்கவும்

கேள்வி: எங்கள் ஐந்து ஏக்கர் தோட்டத்தில் மன்சனில்லா, அர்பெக்கினா என்ற இரண்டு ஆலிவ் ரகங்களும் சரிபாதியாக உள்ளன. மரங்களுக்கு வயது எட்டு. சென்ற பருவத்தில் கிளைகள் தாழும் அளவுக்குக் காய்த்தும், காய் சிறுத்துப் போனதால் வியாபாரி எண்ணெய்க் காயின் விலைக்கே எடுத்துக்கொண்டார். ஒரு பீப்பாய் காயை நானே காஸ்டிக் சோடா கரைசலில் ஓர் இரவு முழுவதும் போட்டு, பலமுறை கழுவி, உப்பு நீரில் ஊறவைத்தேன். மூன்று வாரத்தில் காய் கொழகொழத்து நாற்றம் எடுத்துவிட்டது. உண்பதற்கான ஆலிவாக விற்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தப் பீப்பாயை இன்னும் கொட்டாமல் வைத்திருந்தால், ஒரு காயைக்கூடச் சுவைத்துப் பார்க்காமல் அப்புறப்படுத்திவிடவும். அமிலம் போதிய அளவு உருவாகாத ஆலிவில் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. அந்த நச்சு நாற்றத்தைக் கொண்டு கண்டுபிடிக்கக்கூடியதும் அன்று.

உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. காய் சிறுத்தது தோட்டத்தில் நேர்ந்தது. காய் கெட்டது பீப்பாயில் நேர்ந்தது. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதை மட்டும் கற்றுக்கொள்வதால் வருமானம் பெரிதாகக் கூடாது. உண்பதற்கான ஆலிவின் விலை பெரும்பாலும் பருமனையும் தோலின் பழுதின்மையையும் பொறுத்தது. அவை இரண்டும் மரத்திலேயே முடிவாகிவிடுகின்றன.

ரகத்தைப் பொறுத்தவரை, அர்பெக்கினா அடிப்படையில் எண்ணெய் ரகம். காய் ஒன்று பெரும்பாலும் இரண்டு கிராமுக்குள்தான் இருக்கும். எவ்வளவு பராமரித்தாலும் அதைப் பெரிய காயாக்க முடியாது. அதை எண்ணெய்க்கே விட்டுவிடலாம். மன்சனில்லாதான் உங்கள் மூலதனம். ஸ்பெயினின் செவில்லே பகுதிக்குரிய இந்த ரகம் சதைப்பற்று மிகுந்தது, கொட்டை எளிதில் கழன்று வருவது. தன் மகரந்தத்தால் மட்டும் நன்றாகக் காய் பிடிக்காத தன்மை இதற்கு உண்டு என்பதால், வேறொரு ரகம் அருகில் இருப்பது நன்மையே. ஆகவே அர்பெக்கினாவை வெட்டி எறிய வேண்டியதில்லை. ஆலிவில் மகரந்தம் காற்றின் வழியாகவே பரவுகிறது. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காத ஆண்டில், பட்டாணி அளவிலேயே நின்றுவிடும் உருண்டைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். சென்ற பருவத்தில் அப்படி இருந்ததா, அல்லது எல்லாக் காய்களும் ஒரே சீராகச் சிறுத்திருந்தனவா என்பதை நினைவுகூர்ந்து பார்க்கவும். கிளை தாழக் காய்த்ததாக நீங்கள் எழுதியிருப்பதால், பின்னதே நடந்திருக்கும் என்று கருதுகிறேன்.

ஆலிவ் ஓராண்டு அளவுக்கு மீறிக் காய்த்து, மறு ஆண்டு ஓய்ந்துவிடும் இயல்புடைய மரம். முந்தைய ஆண்டு வளர்ந்த தளிரில்தான் பூ வரும். சுமை அதிகமான ஆண்டில் புதிய தளிர் வளராது, ஆகையால் அடுத்த ஆண்டுக்குப் பூ இருக்காது. இதற்கு மருந்து காய் நீக்கம்தான். முழுப் பூப்புக்கு இரண்டு வாரம் கழித்து, பிஞ்சு மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் பருமனில் இருக்கும்போது, சில கிளைகளில் உள்ள பிஞ்சுகளைக் கையாலேயே உருவிவிடலாம். பெரிய தோப்புகளில் என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து இதைச் செய்கிறார்கள். ஆனால் அளவோ நாளோ சற்றுத் தவறினாலும் காய் முழுவதும் உதிர்ந்துவிடும் என்பதால், முதல் ஆண்டில் நான்கைந்து மரங்களில் மட்டும் சோதித்துப் பார்ப்பது நல்லது. காய் நீக்கம் தாமதமானால் பருமன் கூடாது. கொட்டை இறுகிய பின் நீக்குவது வீண் வேலை. காய்ப்பு மிகுதியாக எதிர்பார்க்கப்படும் ஆண்டில் கவாத்தைச் சற்றுக் கடுமையாகவும், ஓய்வு ஆண்டில் மென்மையாகவும் செய்வதும் சுமையைச் சமன்படுத்தும்.

நீர்ப்பாசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. கொட்டை இறுகும் காலத்தில் ஆலிவ் ஓரளவு வறட்சியைத் தாங்கிக்கொள்ளும்; அதன் பிறகு சதை பருக்கும் காலத்தில் தாங்காது. நீர் குறைவாக இருந்தால் முன்னதில் மிச்சம் பிடித்துப் பின்னதில் கொடுக்கவும். வேர்ப்பகுதியில் நீர் தேங்குவதை மட்டும் எக்காலத்திலும் அனுமதிக்கக் கூடாது. மரங்களுக்கிடையே தக்காளி, கத்தரி, உருளை, பருத்தி போன்றவற்றை ஊடுபயிராக இடவும் வேண்டாம். வெர்ட்டிசிலியம் வாடல் நோய்க் கிருமி அவற்றின் வழியாக மண்ணில் பெருகும்.

ஆலிவ் காய் ஈயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க்குப் போகும் காயில் சிறிதளவு சேதத்தை ஏற்றுக்கொள்வார்கள். உண்ணும் காயில் ஒரே ஒரு துளை இருந்தாலும் அது கழிவுதான். உங்கள் பகுதியில் இந்த ஈ இருக்குமானால், காய் பருக்கத் தொடங்கியதிலிருந்தே பொறிகளை மாட்டிக் கண்காணிக்கவும். கீழே விழுந்த காய்களைப் பொறுக்கி அகற்றவும்.

பச்சை ஆலிவைப் பறிக்கும் பதத்தை அறிய எளிய வழி உண்டு. கரும்பச்சை மாறி வைக்கோல் நிறத்தை நெருங்கும்போது காயை நசுக்கினால் பால் போன்ற வெண்ணிறச் சாறு கசியும். அதுதான் பறிக்கும் சமயம். ஊதா நிறம் படர்ந்துவிட்டால் அந்தக் காய் பச்சை ஆலிவுக்கு ஏற்றதன்று. கம்பால் அடித்து உதிர்க்கக் கூடாது. அடிபட்ட இடம் சில மணி நேரத்திலேயே பழுப்பாகிவிடும். அந்தக் கறை பதப்படுத்திய பிறகும் போகாது. கையால் பறித்து, ஆழமில்லாத கூடைகளில் இட்டு, நிழலில் வைத்து, அன்றோ மறுநாளோ பீப்பாய்க்கு அனுப்பிவிடவும்.

இனி, பீப்பாயில் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். பறித்த காயின் கசப்புக்குக் காரணம் ஒலியூரோபின் என்னும் பொருள். காஸ்டிக் சோடா அதை விரைவாகச் சிதைக்கிறது. ஸ்பானிய முறையில் சுமார் இரண்டு சதவீதக் கரைசலில் ஆறு முதல் பத்து மணி நேரம் வைப்பார்கள். ஆனால் கடிகாரத்தை நம்புவதில்லை. அவ்வப்போது ஒரு காயை எடுத்து, கொட்டை வரை குறுக்கே வெட்டி, வெட்டிய பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் என்னும் நிறங்காட்டி ஒரு சொட்டு விடுவார்கள். காரம், அதாவது காஸ்டிக் சோடா, ஊடுருவிய பகுதி இளஞ்சிவப்பாகும். தோலிலிருந்து கொட்டை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு சிவந்ததும் கரைசலை வடித்துவிடுவார்கள். உட்புறம் மீதமுள்ள ஒரு பங்கு, காயின் உறுதிக்கும் அதிலுள்ள சர்க்கரைக்கும் அரணாக நிற்கும்.

ஓர் இரவு முழுவதும் வைத்ததில் உங்கள் காயில் காரம் கொட்டை வரை சென்றிருக்கும். சதை மென்மையானது அதனால்தான். அதன் பின் பலமுறை கழுவியதில் மிஞ்சிய சர்க்கரையும் போய்விட்டது. உப்பு நீரில் அமிலத்தை உருவாக்கிக் காயைக் காக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு உணவே அந்தச் சர்க்கரைதான். உணவில்லாததால் அமிலம் உருவாகவில்லை; அமிலமில்லாத இடத்தில் நாற்றம் உண்டாக்கும் கிருமிகள் குடியேறின. கழுவுதல் ஓரிரு முறையோடு, ஒரு நாளுக்குள் முடிய வேண்டும்.

அடுத்த பருவத்தில் காஸ்டிக் சோடா இல்லாத இயற்கை முறையிலேயே தொடங்குவதைப் பரிந்துரைக்கிறேன். அதிக நாள் பிடிக்கும். ஆனால் தவறு நேர இடம் குறைவு. உணவுத் தர பிளாஸ்டிக் பீப்பாயில் காயை நிரப்பி, பத்து சதவீத உப்பு நீரை, அதாவது ஒன்பது லிட்டர் நீருக்கு ஒரு கிலோ உப்பு என்ற கணக்கில் கரைத்து, வாய் வரை ஊற்றவும். காயிலிருந்து நீர் வெளியேறுவதால் உப்பின் செறிவு சில நாட்களில் வெகுவாக இறங்கும். ஆகவே வாரம் ஒருமுறை அளந்து, ஆறு சதவீதத்துக்குக் கீழே போகாதபடி உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கவும். காய்கள் மிதக்காமல் ஒரு பிளாஸ்டிக் வலையால் அழுத்தி வைக்கவும். மூடி வாயுவை வெளியே விட வேண்டும், காற்றை உள்ளே விடக் கூடாது. மேலே படியும் வெண்ணிறப் படலத்தைக் கண்டவுடன் நீக்கவும். காயை மென்மையாக்கும் பூஞ்சைகள் அங்கேதான் வளர்கின்றன. கசப்பு இறங்க ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகலாம்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மானி ஒன்று வாங்கிக்கொள்ளவும் (பி.எச். குறைந்தால் அமிலம் கூடுதல்), தோட்டத்துக்கு வேறு எந்தக் கருவியையும்விட அது முக்கியம். சர்வதேச ஆலிவ் கவுன்சில் 2004இல் வெளியிட்ட வணிகத் தரம், இயற்கை முறை ஆலிவுக்கு பி.எச். அதிகபட்சம் 4.3, உப்பு குறைந்தபட்சம் 6 சதவீதம் என்றும், காரமிட்ட ஆலிவுக்கு முறையே 4.0, 5 சதவீதம் என்றும் வரையறுக்கிறது. பி.எச். இறங்கத் தாமதமானால் லாக்டிக் அமிலமோ வினிகரோ சேர்க்கலாம். காரமிட்டு, காற்றூட்டிக் கறுக்கவைத்து டப்பாவில் அடைக்கும் கலிபோர்னிய முறையை மட்டும் முயல வேண்டாம். அதில் அமிலம் இல்லை. அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கிருமி நீக்கும் ஆலை தேவை. 1919, 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அவ்வகை ஆலிவால் பொட்டுலிசம் பரவி, பலர் உயிரிழந்த பிறகே அங்கு கிருமி நீக்க விதிகள் கடுமையாயின.

விற்பனையில் முதல் வேலை தரம் பிரித்தல். ஒரு கிலோவுக்கு எத்தனை காய் என்பதே உலகெங்கும் அளவுகோல். கிலோவுக்கு 160, 180 என்று பிரித்து, எண் குறையக் குறைய விலை ஏறும். பிரிக்காமல் கலந்து விற்றால் சிறிய காயின் விலைதான் பெரிய காய்க்கும் கிடைக்கும். பச்சைக் காயாக விற்கும்போது பேரம் பேச நேரமில்லை, அது அழுகும் பொருள். பதப்படுத்திய பின் நீங்கள் காத்திருக்கலாம். உப்பை எட்டு சதவீதமாக உயர்த்தி மூடிய பீப்பாயில் வைத்தால் ஓராண்டுக்கு மேலும் இருக்கும் என்பதால், காய்ப்பு ஓய்ந்த ஆண்டிலும் வாங்குபவருக்குத் தடையின்றிக் கொடுக்க முடியும். சிப்பமிடுபவர்கள் விலையைவிட இந்த ஒழுங்கையே அதிகம் மதிக்கிறார்கள். சில்லறையாகப் புட்டிகளில் விற்பதானால், நீர் வடித்த எடையைச் சீட்டில் குறிப்பிடவும். உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் முன்னதாகவே பெற்றுக்கொள்ளவும். கிரேக்கத்தின் கலமாட்டா போன்று, குறிப்பிட்ட ஊருக்கே உரியதாகச் சட்டப் பாதுகாப்புள்ள பெயர்களைச் சீட்டில் போடக் கூடாது.

வடித்த உப்பு நீரையும் கார நீரையும் தோட்டத்தில் விட வேண்டாம்; மண்ணில் உப்பு ஏறினால் மரங்களே பாதிக்கப்படும். தார்ப்பாய் விரித்த ஆழமற்ற குழியில் ஆவியாகவிட ஏற்பாடு செய்த பிறகே முதல் பீப்பாயை நிரப்பவும்.