பட்டறைக் கதவைத் திறந்து வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 68. பேரப்பிள்ளைகள் ஐவர், மூத்தவனுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு 3. பணி ஓய்வுக்குப் பிறகு தச்சுவேலை கற்றுக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் பெயர் செதுக்கிய மரப்பெட்டி ஒன்று செய்து, அதற்குள் ஒரு கடிதமும் சில நினைவுப் பொருட்களும் வைத்துக் கொடுக்க ஆசை. கொடுக்கும்வரை அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால், விடுமுறைக்கு அவர்கள் வந்திருக்கும்போதுகூடப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டே வேலை செய்கிறேன். சென்ற முறை கிளம்பும்போது, 8 வயதுப் பேத்தி, “தாத்தாவுக்கு எப்பவும் வேலைதான்” என்று தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பெட்டிகள் முடிந்துவிட்டன, மூன்று மிச்சம். விரல் மூட்டுகளில் வலியும் தொடங்கிவிட்டது. இந்த வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

விட வேண்டாம். ஆனால் கதவைத் திறந்துவிடுங்கள். எட்டு வயதுக் குழந்தை அப்படிச் சொல்கிறாள் என்றால், சாத்திய அந்தக் கதவுக்கு வெளியே அவள் சில முறையாவது வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அவளுக்காகத்தான் உள்ளே உளி பிடித்திருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வழியில்லை. பெட்டியைக் கையில் கொடுக்கும் அந்த ஒரு நிமிட வியப்புக்காக, அவள் உங்களோடு இருந்திருக்கக்கூடிய பல முற்பகல்களைச் செலவழித்துவிட்டீர்கள். இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அன்பு மிகுந்தவர்களே இந்தப் பிழையைச் செய்கிறார்கள்.

ஐவருக்கும் ஒரே அளவான பரிசு என்று நினைக்கிறீர்கள், ஆனால் ஐவருக்கும் வேண்டியது ஒன்றல்ல. பெரும்பாலோருக்கு ஏறத்தாழ மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் வளர்ந்த பிறகு நினைவில் இருப்பதில்லை. அதை ஒட்டிய ஆண்டுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தங்கும். ஆகவே உங்கள் கடைக்குட்டி இந்த விடுமுறையை மறந்துவிடுவான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்காக நினைவு வைத்திருக்க வேண்டியது பெட்டியும் அதற்குள் இருக்கும் உங்கள் எழுத்தும்தான். எட்டு வயதுப் பேத்திக்கும் பதினான்கு வயதுப் பேரனுக்கும் நிலைமை வேறு. அவர்கள் இன்று உங்களோடு கழிக்கும் ஒரு மணி நேரத்தைப் பல பத்தாண்டுகள் சுமந்து செல்லக்கூடியவர்கள், அதனால் பெட்டியைவிட அது உருவாகும் நேரமே அவர்களுக்குப் பெரிய பரிசு.

இனி வேலைக்கு வருவோம். பெட்டியில் பெயர் செதுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் மூன்று பெட்டிகளிலாவது அந்தந்தக் குழந்தை தன் பெயரைத் தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும்; அதைக் கார்பன் தாள் வைத்து மூடியில் படியெடுத்து, அந்தக் கோணல் மாணலோடு அப்படியே செதுக்குங்கள். எழுத்து சற்றே சாய்ந்திருக்கலாம், சுழி தலைகீழாகத் திரும்பியிருக்கலாம், திருத்தாதீர்கள். அந்த வயதின் கையெழுத்து இன்னும் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடும், பிறகு எவராலும் அதைத் திரும்ப எழுத முடியாது. எழுதத் தெரியாத சின்னவனுக்கு, அவன் உள்ளங்கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, அதைச் செதுக்கலாம்.

உப்புத்தாள் தேய்ப்பதைப் பேத்தியிடம் விட்டுவிடுங்கள். 80ஆம் எண் தாளில் தொடங்கி, 120, 220 என்று மெல்லிய தாளுக்குப் போக வேண்டும், மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்று சொல்லிக் கொடுத்தால், ஒரு முற்பகல் முழுவதும் அவள் உங்கள் பக்கத்தில் இருப்பாள். மரத்தூளுக்கு முகக்கவசம் இருவருக்கும் தேவை. தேய்க்கும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். உங்கள் விரல் மூட்டுகளுக்கும் அது ஓய்வு. மூத்தவனிடம் உளியையே கொடுக்கலாம்: பலகையைப் பிடிப்பானில் இறுக்கி, இரண்டு கைகளும் உளியின் கூர்முனைக்குப் பின்னால் இருக்கும்படி பழக்குங்கள். மழுங்கிய உளிதான் அதிக அழுத்தம் கேட்டு, வழுக்கிக் கையைக் கிழிக்கும் என்பதால், முதல் நாள் பாடம் தீட்டுவதாக இருக்கட்டும்.

கதவு திறந்திருக்கப் போகிறது என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவரானால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வெளியே விரித்து, நன்றாகக் காய்ந்த பின்பே எறியுங்கள். கடைக்குட்டியின் பெட்டியில் கழன்று வரக்கூடிய சிறு குமிழோ பொத்தானோ வேண்டாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கும் ஆபத்துள்ளது என்பது கணக்கு. அவன் அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறான், எனவே அதே கவனம் வேண்டும்.

பெட்டிக்குள் வைப்பவற்றைப் பற்றி: பூச்சு இல்லாத மரம் மெல்ல மெல்ல அமில ஆவியை வெளிவிடும், அது தாளைப் பழுப்பாக்கும், எனவே கடிதத்தை அமிலமற்ற தாளில், எளிதில் வெளுக்காத நிறமி மையால் (pigment ink) எழுதி, அமிலமற்ற உறையிலிட்டு வையுங்கள். செய்தித்தாள் நறுக்குகள் விரைவில் மஞ்சளாகி நொறுங்கும், மையில்லாமல் சூட்டால் வெப்பத்தாளில் அச்சாகும் பயணச்சீட்டுகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும்; நகலெடுத்து வைப்பது நல்லது. புகைப்படங்களின் பின்புறத்தில், யார், எங்கே, எந்த நாள் என்று ஓரமாக மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பெயரில்லாத புகைப்படம் இரண்டே தலைமுறையில் அந்நியரின் படமாகிவிடுகிறது, என் குடும்பத்திலேயே அப்படிச் சில உண்டு.

கடிதத்தில் அறிவுரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பன போன்ற 20 கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் மனவுறுதியும் கூடுதலாக இருந்தன. ஆனால் விடைகளை மனப்பாடம் செய்வித்துப் பயனில்லை, கூடி உட்கார்ந்து பேசும் பொழுதுகளில் அந்தக் கதைகள் கைமாறுவதுதான் முக்கியம் என்பது அவர்களின் விளக்கம். ஆகவே, நீங்கள் எட்டு வயதில் எதற்கெல்லாம் பயந்தீர்கள், எந்த வேலையில் தோற்றீர்கள் என்பவற்றைத் தேய்க்கும்போது சொல்லுங்கள். அவள் எதைக் கேட்டுச் சிரித்தாள், எதை மறுபடி கேட்டாள் என்பதைத் தேதியிட்டு இரவில் எழுதி வையுங்கள். அதுவே அவள் பெட்டிக்கான கடிதம்.

இந்த விடுமுறைக்குள் ஒரு பெட்டிதான் முடியும் என்றால் அதுவும் சரி, மற்ற இரண்டு காத்திருக்கும். முடித்த இரண்டில் ஒன்று மூத்தவனுடையது என்றால், அதன் அடிப்பலகையில் அவன் தன் பெயரைத் தானே செதுக்கிக்கொள்ள இடம் இருக்கிறது.

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் பேத்தியைத் தொலைபேசியில் அழையுங்கள். பட்டறைக்குள் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுடைய மூடிப் பலகை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது, அதைத் தேய்க்க ஆள் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.